நாலாவது ஆடி வெள்ளி, ரெண்டு அர்ச்சனை

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல, எங்க பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளிக்கு போறது எங்க வீட்டுல தாத்தா காலத்து பழக்கம். தோட்டத்து வேலைக்காரங்க இருந்த லயத்து வீடுங்கள ஒடச்சி பல வருஷம் ஆச்சு, ரப்பர் பால்மரம் போயி எண்ணெய் எடுக்குற செம்பனை வந்துருச்சு, சனமெல்லாம் டவுன் பக்கம் தாமான்ங்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு குடி போயிட்டாங்க, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல அப்படியே நிக்குது. உள்ள போற செம்மண் ரோட்டுல மழை பேஞ்சா மோட்டார் சைக்கிள் வழுக்கும், ஒரு வாட்டி தேங்காய் தட்டோட நானே விழுந்திருக்கேன், தேங்காய் உருண்டு போயி ரோட்டோர சாக்கடையில விழுந்துச்சு, அம்மா என்ன தூக்கல, தேங்காயத்தான் தூக்குனாங்க.

2025 ஆகஸ்ட் 8, ஆடி 23, நாலாவது வெள்ளி, வரலட்சுமி நோன்பும் அன்னிக்கேதான். காலையில கெளம்பிக்கிட்டு இருக்கும்போது தங்கச்சிகிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. ஒரே வீட்டுலதான் இருக்கோம், அவ ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவருதான், ஆனா பேசுறத விட டைப் பண்றது அவளுக்கு கொஞ்சம் லேசு, அதுவும் நாலஞ்சு வார்த்தைதான். "சோஃபியா மிர்சா. இன்னிக்கு பர்த்டே. அர்ச்சனை பண்ணுக்கா."

இது யாருன்னு சொல்றதுக்கு முந்தி தங்கச்சி கதைய சொல்லிடுறேன்.

2016 கடைசியில அவளுக்கு டிங்கி காய்ச்சல் வந்துச்சு. பிளேட்லெட் ஏறிருச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஆனா காய்ச்சல் போயும் அவ பழைய ஆளா திரும்பல. குளிச்சிட்டு வந்தா படுத்துருவா, துணி காயப்போட்டா படுத்துருவா. எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னா படுத்து படுத்து சோம்பேறி ஆயிட்டா, இத இப்படியே விடக்கூடாதுன்னு. 2017 தைப்பூசத்துக்கு அவ பேர்ல நானே வேண்டிக்கிட்டு, ஈப்போவுல புந்தோங்ல இருந்து கல்லுமலை முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் எடுக்க வெச்சேன், வெறுங்காலோட, பிப்ரவரி வெயில்ல. "அக்கா கால் நடுங்குது"ன்னா. "முருகன நெனச்சிக்கிட்டு நட"ன்னேன். நடந்தா. அபிஷேகம் முடிஞ்சி தண்ணி பந்தல்ல மோர் குடிச்சிட்டு சிரிச்சா கூட, பாத்தீங்களா நான் சொன்னேன்லனு அம்மாகிட்ட பெருமை அடிச்சிக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சிதான் விழுந்தா. எந்திரிக்க முடியல, கண்ண தொறந்தா வெளிச்சம் குத்துதுன்னா, அம்மா கரண்டிய கீழ வெச்ச சத்தத்துக்கு காத பொத்திக்கிட்டு அழுதா. இந்த நோயோட கெட்ட குணமே அதுதான்னு பின்னால தெரிஞ்சது, சக்திக்கு மீறி ஏதாச்சும் செஞ்சா ஒடம்பு அன்னிக்கே கணக்கு கேக்காது, ஒரு நாள் ரெண்டு நாள் விட்டு வட்டியோட கேக்கும், அதனாலதான் பாக்குறவங்களுக்கு புரியறதே இல்ல, நேத்து நல்லாத்தானே இருந்தாங்கம்பாங்க. எனக்கு முருகன் மேல கோவம் இல்ல. என் மேலதான்.

நோய்க்கு பேரு கெடைக்கவே நாலு வருஷம் ஆச்சு. எம்.இ.ன்னு சொல்றாங்க, முழுப் பேரு மயால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ், எங்க அம்மா இன்னும் அத ஒருவாட்டி கூட முழுசா சொன்னதில்ல. அந்த நாலு வருஷத்துல ஒரு டாக்டர் எல்லாம் மனசுதான்னாரு, இன்னொருத்தர் தெனம் கொஞ்சம் கொஞ்சமா எக்சர்சைஸ கூட்டிக்கிட்டே போங்கன்னாரு, நாங்களும் கேட்டோம், அவ இன்னும் கீழதான் போனா. உலக சுகாதார நிறுவனம் 1969லயே இத நரம்பு மண்டல நோய்ன்னு பட்டியல்ல போட்டுருச்சு, பிரிட்டன்ல நைஸ்ங்கிற அமைப்பு 2021ல வெளியிட்ட வழிகாட்டியில அந்த மாதிரி கூட்டிக்கிட்டே போற எக்சர்சைஸ் வைத்தியத்த இவங்களுக்கு குடுக்காதீங்கன்னு எழுதிருக்காங்க. சொந்தக்காரங்க பக்கம் வைத்தியம் வேற மாதிரி, செய்வினைன்னாங்க, கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்னாங்க. எம்.இ. உள்ளவங்கள்ல கால்வாசிப் பேருக்கு இப்படி வீட்ட விட்டோ படுக்கைய விட்டோ நகர முடியாத அளவுக்கு இருக்குமாம். யாரு கண்ணுலயும் பட மாட்டாங்க, எப்படி படுவாங்க, கதவு சாத்தியிருக்குல்ல.

சோஃபியா மிர்சா இங்கிலாந்துல பிரைட்டன் ஊருப் பொண்ணு. இதே நோய், இதே மாதிரி இருட்டு ரூம். 2003ல அவங்கள வலுக்கட்டாயமா மனநல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருக்காங்க, அதுக்கப்புறம் நெலமை இன்னும் மோசமாயி 2005ல எறந்துட்டாங்க, வயசு 32. பரிசோதனை பண்ணி பாத்தப்ப முதுகுத்தண்டு பக்கத்து நரம்பு முடிச்சுகள்ல வீக்கம் இருந்திருக்கு. அவங்க பொறந்த ஆகஸ்ட் 8தான் இப்ப இந்த நோயில ரொம்ப முடியாம கெடக்குறவங்களையும் போயிட்டவங்களையும் நெனைக்கிற நாள். எனக்கு இதெல்லாம் சொன்னது தங்கச்சிதான், ஒரே நாள்ல இல்ல, ஒரு மாசம் பூரா துண்டு துண்டா மெசேஜ்ல.

சரி கோயிலுக்கு வரேன். நான் போய் சேர்றப்ப அபிஷேகம் முடிஞ்சி அம்மனுக்கு மஞ்ச சேலை கட்டி வேப்பிலை மாலை போட்டிருந்தாங்க, வெளிய அண்டாவுல கூழு கொதிக்குது, டவுன்ல இருந்து வந்த பிள்ளைங்க கையில போன். அர்ச்சனை தட்ட நீட்டுனேன். மொத பேரு தங்கச்சி, மீனம், ரேவதி. ரெண்டாவது பேரு சொன்னதும் பூசாரி அண்ணே நிமிந்து பாத்தாரு.

"வெள்ளைக்காரப் பிள்ளையாம்மா?"

"இங்கிலாந்து அண்ணே. எறந்துட்டாங்க. இன்னிக்கு பொறந்த நாள்."

எறந்தவங்களுக்கு அர்ச்சனை பண்றதில்லன்னு சொல்லிடுவாரோன்னு பயந்தேன், எனக்கும் அது தெரியாம இல்ல. அவரு கொஞ்ச நேரம் வேட்டி முனையில கைய தொடச்சிக்கிட்டே நின்னாரு. "யாரு பண்ண சொன்னா?"

"தங்கச்சி."

அவளப் பத்தி அவருக்கு தெரியும், அவ கைக்கொழந்தையா இருந்தப்ப மடியில வெச்சி மொட்ட அடிச்சதே அவருதான். வேற கேக்கல. "நட்சத்திரம் தெரியாதுல்ல, இன்னிக்கு ஓடுறத வெச்சிருவோம்"னு சொல்லி சுவத்துல மாட்டிருந்த காலண்டர பாத்தாரு, உத்திராடம். அப்புறம் மணிய அடிக்காம, மத்தவங்க வரிசையில நிக்கிறாங்கன்னு அவசரமும் படாம, "உத்திராட நட்சத்திரே, சோப்பியா மிருசா நாமதேயஸ்ய"ன்னு அம்மன் முன்னால சொன்னாரு. ஏன் மணி அடிக்கலன்னு நான் கேக்கல. எனக்கு அழுகை வந்துருச்சு, பின்னால நின்ன அக்கா ஒருத்தவங்க யாரும்மா அது, கூட படிச்ச பிள்ளையான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்பக்கமாவே போயி குளிச்சி சட்டைய மாத்துனேன், சூடம் மல்லிப்பூ வாசம் எதுவும் அவகிட்ட போகக்கூடாது. நெத்தியில தொட்டு வெச்சா கூட வலிக்கும், அதனால குங்குமத்த ஒரு தாளுல மடிச்சி தலகாணிக்கு பக்கத்துல வெச்சேன். இருட்டுல போன் வெளிச்சம் மங்கலா தெரிஞ்சது.

"பேரு சரியா சொன்னாரா"

"சோப்பியா மிருசான்னாரு"ன்னு டைப் பண்ணி காட்டுனேன்.

சத்தம் வரல, தோளு மட்டும் குலுங்குச்சு. சிரிக்கிறா. ரொம்ப நாள் கழிச்சி பாக்குறேன். கொஞ்ச நேரத்துல கைய லேசா தூக்குனா, போதும்னு அர்த்தம், நான் வெளிய வந்து கதவ சாத்துனேன். அந்நேரம் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தைன்னு கூப்பிடுற மாதிரி) மகன் வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சி வந்துட்டு இருந்தான், எப்பவும் போல முச்சந்தியிலயே எஞ்சின ஆப் பண்ணிட்டு, அந்த வெயில்ல மோட்டார தள்ளிக்கிட்டு எங்க ஜன்னல தாண்டிப் போனான்.