ஒரே எருமை, மூன்று பேப்பர்

மழையில் நனைந்து வந்து கொட்டகைக்குள் நிற்கும் எருமை. கருப்பு வெள்ளைப் படம். தோலில் ஒட்டிக் கிடக்கும் ஈர மயிர், கொம்பில் வரிவரியாக ஓடும் கோடுகள், பின்னால் இருட்டு, எல்லாமே கருப்புக்குள்ளேயே நடக்கிற சமாச்சாரம். போட்டோ அச்சடிக்கிற ஒரு பேப்பரின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள என்னிடம் இதைவிட நல்ல படம் கிடையாது.

பரைட்டா பேப்பருக்கு, அதாவது பேரியம் சல்பேட் பூசிய போட்டோ பேப்பருக்கு, அதிக வேலை இல்லை. கருப்பின் அடர்த்தி (எவ்வளவு ஆழமான கருப்பு என்கிற அளவு) 2.2 வரை போகும், மானிட்டரில் தெரிந்த மயிர் பிரிண்டிலும் தெரியும்.

பளபளப்பில்லாத பருத்தி மேட் பேப்பரில்தான் தலைவலி. அங்கே 1.6, 1.7 அவ்வளவுதான். பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் இது லாக் (மடக்கை) அளவு என்பதால் 0.6 குறைந்தாலே அந்தக் கருப்பு நாலு மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, எவ்வளவு மை ஊற்றினாலும் அது கொஞ்சம் சாம்பல் பூத்த கருப்புதான். உடனே மொத்தப் படத்துக்கும் கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். இருக்கிற மயிரும் போய்விடும். நான் சாயல்களை மாற்றுகிற கர்வ் கோட்டில் கருப்புப் பக்கமான அடிப்பகுதியை மட்டும் செங்குத்தாக்குவேன், நடுச்சாயலை, அதாவது இடைப்பட்ட சாம்பலை, கொஞ்சம் தூக்குவேன், வெள்ளையைத் தொடமாட்டேன். அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுகிற சாஃப்ட் ப்ரூஃபில் பேப்பர் நிறத்தையும் காட்டச் சொன்னால் படம் சட்டென்று சோகை பிடித்ததுபோல ஆகும். அணைத்துவிடாதீர்கள், அதுதான் நிஜம். அப்புறம் கொம்புப் பகுதியை மட்டும் துண்டுப் பேப்பரில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

செய்தித்தாள் கதையே வேறு. கருப்பின் அடர்த்தி 1 பக்கம்தான், போதாக்குறைக்கு மை ஊறிப் பரவும், பாதி இடத்தை மூட வேண்டிய 50 சதவீத மைப்புள்ளி அச்சில் 70-ஐத் தாண்டிவிடும். நம் ஊர் மாநிறமெல்லாம் அந்த நடுச்சாயலில்தான் இருக்கிறது, அதனால்தான் பேப்பரில் வரும் குரூப் போட்டோவில் பாதிப் பேர் பவர்கட்டில் நின்றவர்கள் மாதிரி தெரிகிறார்கள். கருப்பை 90 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, நடுச்சாயலைத் திரையில் வெளிறித் தெரிகிற அளவுக்கு ஏற்ற வேண்டும். ஷார்ப்பனிங்கும் கண்ணை உறுத்துகிற அளவுக்கு வேண்டும், அச்சில் அது அடங்கிவிடும்.

ஆனால் அச்சகத்தில் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிளேட் (அச்சுத் தகடு) போடும்போதே அவர்கள் இந்தப் பரவலைக் கழித்துவிடுகிறார்கள் என்றாலோ, நீங்கள் அவர்களுடைய ப்ரொஃபைலில் (அவர்கள் அச்சுக்கும் பேப்பருக்கும் ஏற்ற நிறக் கோப்பு) மாற்றித்தான் அனுப்புகிறீர்கள் என்றாலோ, மேலே சொன்ன வெளுப்பு வேலை வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் எருமை வெள்ளாடாகி வரும்.