நாளை மறுநாளுக்கான உடற்பயிற்சி

என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்கள். அண்ணன் போனிலேயே வகுப்பெடுப்பான். கூட வேலை பார்த்தவர்கள் வீடியோ அனுப்புவார்கள். எல்லாருக்கும் நல்ல மனசுதான். சொல்வதும் ஒன்றேதான்: "இந்த வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு தானாகப் பழகிவிடும்." உட்கார்ந்தே இருந்து வலுவிழந்த உடம்புக்கு அது சரியான யோசனை. நாள்பட்ட சோர்வு நோய் பிடித்த உடம்புக்கு அதே யோசனை ஆபத்து. சரி, அப்படியானால் நாங்கள் அசையாமலே கிடக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் எங்கள் கணக்கு வேறு.

டாக்டர்கள் எம்.இ/சி.எஃப்.எஸ் என்று எழுதும் இந்த நோய்க்கு, அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015இல் அடையாளங்களைத் தெளிவாக வரையறுத்தது. ஆறு மாதத்துக்கு மேலாக நீடித்து அன்றாட வாழ்க்கையையே சுருக்கிவிடும் அசதி, தூங்கி எழுந்தும் தெளியாத உடம்பு, உழைப்புக்குப் பின் வரும் சரிவு, இந்த மூன்றும் கட்டாயம். கூடவே மூளை மந்தமோ, எழுந்து நின்றால் மோசமாவதோ இருக்க வேண்டும். மூன்றாவதாகச் சொன்ன அந்தச் சரிவைத்தான் நாங்கள் கிராஷ் என்போம். அதன் விஷமமே உடனே வராததுதான். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். முந்தாநாள் துணி மடித்து அலமாரியில் வைத்தது, இன்றைக்குத் தொண்டை வலியாகவும் வெளிச்சம் பொறுக்காத கண்ணாகவும், பேசும்போது பாதியில் தொலைந்துபோகும் சொல்லாகவும் வந்து நிற்கும். இந்த உடம்பு கேட்டதும் கடன் கொடுத்துவிடும்; வசூலிக்க வரும்போதுதான் அது கந்துவட்டி என்று தெரியும்.

'படிப்படியாகக் கூட்டு' என்பது அண்ணன் கண்டுபிடித்ததல்ல. பல வருடங்கள் மருத்துவ உலகமே அதைத்தான் சொன்னது. நோயாளி பயந்துபோய்ப் படுத்துவிட்டார், தசை இளைத்துவிட்டது, தைரியம் சொல்லி நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது அதன் அடிப்படை. 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பேஸ் என்ற ஆய்வு, 641 நோயாளிகளை வைத்து, இந்த முறை பலன் தருகிறது என்றது. குணமானவர் யார் என்பதற்கான அளவுகோலை நடுவழியில் தளர்த்தியிருந்தார்கள் என்று நோயாளிகளே தோண்டியெடுத்துக் கேள்வி கேட்டார்கள். முதலில் அறிவித்த விதிப்படி 2018இல் மறுபடி கணக்குப் போட்டபோது அந்தப் பலன் வெகுவாகச் சுருங்கியது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி 2017இல் அந்தப் பரிந்துரையைத் தன் பக்கத்திலிருந்து எடுத்தது. 2007இல் அதைப் பரிந்துரைத்த, பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு, 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், நிர்ணயித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைத் தரக்கூடாது என்றே எழுதிவிட்டது. படுக்கையில் கிடந்தபடி ஆவணம் ஆவணமாகப் படித்து ஒரு தப்பைப் பிடித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வெறும் தசை இளைப்பு இல்லை என்று காட்டும் இன்னொரு சோதனையும் இருக்கிறது. சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளந்து, மறுநாள் அதே சோதனையைத் திரும்பச் செய்வார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். பயிற்சியே இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். இந்த நோய் உள்ள பலருக்கு இரண்டாம் நாள் அளவு இறங்கிவிடுகிறது. வெறும் தசை இளைப்பு என்றால் அது இறங்கக் காரணமில்லை. இதை அண்ணனுக்கு விளக்கிய பிறகுதான் அவன் வீடியோ அனுப்புவது கொஞ்சம் குறைந்தது. (தயவுசெய்து இந்தச் சோதனையை நீங்களாகக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளாதீர்கள். அதுவே பெரிய கிராஷில் தள்ளும்.)

அப்புறம் எதற்குப் பயிற்சி என்றால், நோயைக் குணப்படுத்த அல்ல. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. மூட்டு இறுகாமல் இருக்க, முதுகு மரக்காமல் இருக்க, எழுந்திருக்கும்போது காலில் ரத்தம் தேங்கித் தலை சுற்றாமல் இருக்க, அவ்வளவுதான். எதிர்பார்ப்பை அந்த அளவுக்கு இறக்கிவிட்டால் பயிற்சி திடீரென்று ரொம்பச் சின்னதாகிவிடும். சின்னதாக இருப்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பல் தேய்ப்பது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போய்வருவது இவையெல்லாம் கிராஷ் வராமல் முடிகிறதா? முடியவில்லை என்றால் பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம். நாள் முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கு, கூட இருப்பவர் காலைப் பிடித்து மெதுவாக மடக்கி நீட்டுவதோ, ஒருக்களித்துப் படுக்க உதவுவதோதான் பயிற்சி. அதையும் தாங்காத நாட்கள் உண்டு. கிராஷில் இருக்கும்போது எதுவுமே கிடையாது. என் விதி ஒன்று: தலைக்குக் குளித்த நாளில் பயிற்சி இல்லை. அன்றைக்குக் குளியல்தான் பயிற்சி. கையைத் தலைக்கு மேல் தூக்கி, சூட்டில் நின்று, துவட்டி, உடை மாற்றுவது எவ்வளவு வேலை என்பது உடம்பு சரியில்லாமல் போகும்வரை யாருக்கும் தெரிவதில்லை. குளியலறையில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டால் மிச்சமாகும் தெம்பு, எந்தப் பயிற்சியும் தராதது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, வலது குதிகாலுக்கு அடியில் மடித்த மெல்லிய துண்டு. மூச்சை விட்டபடி குதிகாலை மெத்தையோடு இழுத்து முழங்காலை மடக்குவேன். காலைத் தூக்குவதில்லை, துண்டு வழுக்கிக்கொண்டு வரும். பாதி மடங்கியதும் நிறுத்தி, மூச்சை இழுத்தபடி திரும்ப நீட்டுவேன். தாடையை இறுக்கிக்கொண்டிருக்கிறேனா என்று நடுவில் ஒரு தடவை பார்ப்பேன். இறுகியிருந்தால் அந்தத் தடவையோடு சரி. ஒரு காலுக்கு மூன்று முறை. பிறகு கண்ணை மூடி, செய்ததைப்போல் நாலைந்து மடங்கு நேரம் சும்மா கிடப்பேன். சும்மா என்றால் சும்மாதான், போனைப் பார்ப்பது ஓய்வில் சேராது. அடுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து லேசாக அழுத்தி விடுவது. கடைசியாக, எழுந்திருக்கப் போகும் முன் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். நிற்கும்போது கண் இருட்டுவது எனக்குக் குறைந்தது இதனால்தான். இதற்கெல்லாம் பாய் விரிக்க வேண்டாம், உடை மாற்ற வேண்டாம்.

இழுத்து நீட்டும் பயிற்சிகளில் எனக்கு ஆர்வம் இல்லை. எங்களில் சிலருக்கு மூட்டு இயல்புக்கு மேல் வளையும். அவர்கள் கடைசி எல்லைவரை இழுத்தால் மூட்டுக்குத்தான் கெடுதல்.

எண்ணிக்கையைவிட நாடித்துடிப்பு நம்பகமானது. இந்த நோயில் உழைப்பு உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் வொர்க்வெல் அமைப்பின் ஆட்கள் சொல்லும் எளிய வழி இது: சில நாள் காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே துடிப்பைப் பார்த்துச் சராசரி எடுங்கள். அதற்கு மேல் நிமிடத்துக்கு 15 கூடியதும் நிறுத்துங்கள். காலையில் 70 என்றால் 85 எல்லை. முதன்முதலில் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் எழுந்து நின்றாலே சிலருக்கு 85ஐத் தாண்டிவிடும். அதனால்தான் படுத்தபடி செய்வது. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரிடம் கேளுங்கள். கையில் கட்டும் வாட்சில் 'எழுந்து நில்லுங்கள்', 'இலக்கை முடியுங்கள்' என்று வரும் அறிவிப்புகளை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். அந்த வாட்ச் நமக்காகச் செய்ததல்ல.

எங்களுக்கு ஆபத்தான நாள் எது தெரியுமா? நல்ல நாள். காலையில் தலை தெளிவாக இருக்கும், கால் லேசாக இருக்கும். பத்து முறை செய்தாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். அன்றைக்கும் மூன்றுதான். பயிற்சி செய்யும்போது எப்படி இருந்தது என்பதை நான் எழுதுவதே இல்லை, அது பொய் சொல்லும். நோட்டில் இரண்டே கட்டம்: செய்தது ஒன்று, இரண்டு நாள் கழித்து எப்படி என்பது இன்னொன்று. இரண்டாவது கட்டம் நிரம்பாமல் எதையும் கூட்டுவதில்லை. கூட்டினாலும் ஒன்றை மட்டும், அதுவும் பல வாரம் அலுங்காமல் இருந்தால். குறைப்பதற்கு இவ்வளவு யோசிப்பதில்லை. உடம்பு கேட்டால் அன்றைக்கே குறைத்துவிடுவேன். குறைப்பதைத் தோல்வியாக எழுதிவைக்கும் பழக்கத்தைக் கைவிட எனக்கு நாளானது.

அண்ணன் இன்னமும் கேட்பான்: "இவ்வளவு நாளாச்சு, இன்னும் மூணுதானா?"

"மூணுதான். ஆனா போன வாரம் முழுக்க நானே தலை சீவிக்கிட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் அதுதான். ஒரே பையிலிருந்துதான் இரண்டுக்கும் எடுக்க வேண்டும். பயிற்சிக்காகத் தலை சீவ முடியாமல் போனால் அந்தப் பயிற்சி எனக்கு வேண்டாம்.

பிசியோவிடம் போகும் எண்ணம் இருந்தால், படிக்கட்டு ஏறாமல் போகக்கூடிய அறையா, படுத்துக்கொண்டு காத்திருக்க இடம் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். போய்வரும் அலைச்சலே கிராஷ் கொடுக்கும் என்றால் வீடியோ அழைப்பில் பார்ப்பாரா என்று கேளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அதைச் சோர்வு நோயின் கணக்கில் எழுதாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நான் முதலில் பார்த்த பிசியோ, "வலிக்குதுன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார். அவரிடம் இரண்டாவது முறை போகவில்லை. இப்போதைய பிசியோ பயிற்சி சொல்லிக்கொடுத்த அன்று எதுவும் விசாரிக்க மாட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு மெசேஜ் வரும்: "இன்றைக்கு எப்படி?" அதற்கு வரும் பதிலைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்வார். அப்படிப்பட்ட ஒருவர் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை அந்த இரண்டு கட்ட நோட்டே போதும்.