வழிய அடைச்சா வந்தவன் திரும்பிப் போகமாட்டான்

எங்க ஊர்ப்பக்கம் இப்ப நாலு பேர் சேர்ந்து டீ குடிச்சா பேச்சு ரெண்டு விசயத்துல வந்து நின்னுக்குது. ஒண்ணு, திருப்பூர் பூரா இந்திக்காரங்களா ஆயிட்டாங்க, இதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்ங்கறது. இன்னொண்ணு, அமெரிக்காக்காரன் நம்ம பசங்கள விசா விசயத்துல இப்படிப் போட்டு அலைக்கழிக்கறானே, இது நியாயமாங்கறது. ரெண்டையும் ஒரே ஆளு பேசுறத நிறைய தடவை கேட்டிருக்கேன். யாரையும் குத்தம் சொல்றதுக்காக இத எழுதலைங்க, ரெண்டும் ஒரே கேள்விதான்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்கு, அதான்.

எனக்கு மங்கலம் ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு பவர்டேபிள் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனில கட்டிங் முடிச்சு கட்டு கட்டா அனுப்புவாங்க, நாங்க தெச்சுக் குடுப்போம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்ல உக்காந்திருக்கறதுல பாதிக்கு மேல ஒடிசா, பீகார் பசங்க, மீதி தேனி, உசிலம்பட்டிக்காரங்க, நம்ம அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க. அதுல ஒரு பையன் ஒடிசால பாலேஸ்வர் பக்கம். பனியனுக்கு பாட்டம் மடிச்சு அடிக்கறப்ப துணியவே பாக்கமாட்டான், விரல் தானா போயிட்டு இருக்கும், கண்ணு அடுத்த பீஸ் மேல இருக்கும். அவன்கிட்ட ஏன்டா தம்பி இவ்வளவு தூரம் வந்தேன்னு கேட்டா பஞ்சம்னெல்லாம் சொல்லமாட்டான். ஊர்ல நெல்லு வெளையுது, சோத்துக்குக் கொறை இல்ல. 2021 மே மாசம் யாஸ் புயல் அவங்க பக்கமாத்தான் கரையக் கடந்துச்சு, கூரை போச்சு, வயலுக்குள்ள உப்புத்தண்ணி ஏறிருச்சு, அதுக்கப்புறம் நெல்லு சரியா வரல, தங்கச்சி கல்யாணக் கடன் வேற கழுத்துல. அண்ணன் வயலப் பாத்துக்கறது, தம்பி திருப்பூர் போறதுன்னு ஊட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணியிருக்காங்க.

இத நம்மூர்க்காரங்களுக்கு வெளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல. மூத்தவன் பண்ணையம் பாப்பான், எளையவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஏறி ஆந்திரா, மத்தியப்பிரதேசம்னு போர் போடப் போயிருவான், இன்னும் சிலபேர் ஆப்பிரிக்கா வரைக்கும் போனாங்க. மழை பொய்ச்சு சோளம் கருகிப்போனாலும் ஒரு பக்கத்துல இருந்து காசு வரும். ஓடெட் ஸ்டார்க்னு ஒரு பொருளாதார அறிஞர் 1980கள்லயே இதத்தான் எழுதினார், பொழைக்கப் போறது தனி ஆளு எடுக்கற முடிவு இல்ல, குடும்பம் எடுக்கற முடிவு, சம்பளம் கூடக் கெடைக்குதுங்கறதுக்காக மட்டும் இல்ல, எல்லா முட்டையும் ஒரே கூடையில வெக்காம இருக்கறதுக்காகன்னு.

இன்னொண்ணு, ரொம்ப இல்லாதப்பட்டவன் தூரமா போகவே முடியாது. ரயில் டிக்கெட்டு, ஏஜெண்டு கமிஷன், போன எடத்துல மொத மாசத்துக்கு சோத்துக்காசு, இதெல்லாம் யார்கிட்ட இருக்கும்? எங்க ஊர்ல இருந்து வெளிநாடு போன மொத தலைமுறைய எண்ணிப் பாருங்க, கொஞ்சமாவது காடு, நெலம் வெச்சிருந்தவங்க, அதுல ஒரு துண்ட வித்துப்போட்டுப் பையன அனுப்புனவங்கதான். அதனால ஒரு ஏழை நாடு கொஞ்சம் கொஞ்சமா முன்னேற ஆரம்பிச்சா மொதல்ல வெளிய போறவங்க எண்ணிக்கை கூடத்தான் செய்யும், நல்லா வசதி வந்த பொறகுதான் கொறையும். மைக்கேல் கிளெமென்ஸ்ங்கறவர் பல நாட்டுக் கணக்க வெச்சு இதக் காட்டியிருக்கார். ஐரோப்பாக்காரங்க 2015 நவம்பர்ல மால்டாவுல வாலெட்டால கூடி, ஆப்பிரிக்காவுல வேலைவாய்ப்பு உண்டாக்குனா எவனும் கடல் தாண்டி வரமாட்டான்னு 180 கோடி யூரோவுல ஒரு நிதி ஆரம்பிச்சாங்க. வேலை உண்டாக்கறது நல்ல காரியம், ஆனா அது ஆள நிறுத்தும்னு நம்புனதுதான் எனக்குப் புரியல. கையில காசும் படிப்பும் வந்தவன்தான மொதல்ல கெளம்புவான்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வர்றேன். பாலேஸ்வர் பையன் வருசத்துல ரெண்டு தடவையாவது ஊருக்குப் போயிருவான். அண்ணா மெஷின யாருக்கும் குடுத்துறாதீங்க, அறுப்பு முடிஞ்சதும் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போவான், வந்தும் சேருவான். பீகார் பசங்க சட் பூஜைக்கு, ஹோலிக்கு, எலெக்‌ஷனுக்கு. 2023 மார்ச்சுல தமிழ்நாட்டுல பீகார்க்காரங்கள வெட்டறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சே, ஞாபகம் இருக்குங்களா, ஊட்ல அம்மா அழுகுதுன்னு சொல்லிட்டு கூட்டம் கூட்டமா திருப்பூர் ஸ்டேஷன்ல போய் நின்னாங்க, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழுவே வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. அப்பப் போனவங்க திரும்பி வந்தாங்க. 2020ல கொரோனாவுக்கு போனவங்களும் வந்தாங்க. போனா திரும்பி வரமுடியும்னு தெரிஞ்சதுனாலதான் தைரியமாப் போறாங்க. நடுவுல தடுப்புக் கேட்டு இல்ல, விசா இல்ல, இந்த நாட்டுக்குள்ள எங்க வேணா போலாம், எங்க வேணா இருக்கலாம்னு அரசியல் சாசனம் 19ஆவது பிரிவுல எழுதி வெச்சிருக்கு. ஹரியானாக்காரங்க தனியார் வேலையில 75 சதவீதம் உள்ளூர்க்காரனுக்குத்தான்னு சட்டம் போட்டாங்க, 2023 நவம்பர்ல ஹைகோர்ட் செல்லாதுன்னு சொல்லிருச்சு.

அப்படித் தடுப்புக் கேட்டு போட்ட நாடுகள்ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

ஜெர்மனி 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தாங்க. வர்றவன் கொஞ்ச காலம் வேலை செஞ்சு காசு சேத்துட்டு ஊருக்குப் போயிருவான்னு கணக்கு, நெறையப் பேர் அப்படித்தான் போயிட்டும் வந்துட்டும் இருந்தாங்க. 1973ல எண்ணெய் விலை ஏறி நெருக்கடி வந்துச்சு, அந்த நவம்பர்ல ஆள் எடுக்கறத ஒரேயடியா நிறுத்திட்டாங்க. அரசாங்கம் என்ன நெனச்சிருக்கும், வெளிநாட்டுக்காரங்க எண்ணிக்கை கொறையும்னுதான. ஆனா துருக்கிக்காரன் வேற மாதிரி யோசிச்சான், இப்ப ஊருக்குப் போனா மறுபடி உள்ள விடமாட்டாங்க, அதுக்கு இங்கயே இருந்துட்டு பொண்டாட்டி புள்ளைங்கள வரவெச்சுக்கலாம்னு. 1980கள் ஆரம்பத்துல அங்க இருந்த துருக்கிக்காரங்க 15 லட்சத்த தாண்டிட்டாங்க. இங்கிலாந்துலயும் இதே கதைதான், காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு 1962ல கட்டுப்பாடு வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் அதுக்கு முந்தின வருசமே அடிச்சுப் பிடிச்சு ஓடுனாங்க, அதுவரைக்கும் இந்தியாவுல இருந்து வருசத்துக்கு சில ஆயிரம் பேர் போன எடத்துக்கு 1961ல மட்டும் இருபதாயிரத்துக்கு மேல.

மெக்சிகோ கதை இன்னும் பெருசு. 1942ல இருந்து 1964 வரைக்கும் அமெரிக்கா பிரசேரோன்னு ஒரு திட்டத்துல மெக்சிகோக்காரங்கள விவசாய வேலைக்குக் கூப்பிட்டுட்டு இருந்துச்சு, மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தம், ஒரே ஆளு பல தடவை போய் வந்ததும் சேத்து. அறுவடைக்கு வருவாங்க, முடிஞ்சா போயிருவாங்க. அந்தத் திட்டத்துல கூலில ஏமாத்தறது, மோசமான தங்கற எடம்னு கொடுமையும் நடந்துச்சு, அத மறைக்கக்கூடாது. 1964ல திட்டத்த நிறுத்துனாங்க, ஆனா தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்துச்சு, அதே ஆளுங்க காகிதம் இல்லாம வர ஆரம்பிச்சாங்க, அப்பவும் வந்து வந்து போயிட்டுதான் இருந்தாங்க. அப்புறம் 1990கள்ல எல்லையில வேலி, போலீசு, கேமரான்னு இறுக்க ஆரம்பிச்சாங்க. பாலைவனம் வழியா உயிரக் கையில பிடிச்சுட்டு, கடத்திக் கூட்டிட்டுப் போறவனுக்கு ஆயிரக்கணக்குல டாலர் குடுத்து உள்ள வந்தவன் எப்படிங்க சும்மா திரும்பிப் போவான்? எல்லா நாட்டுக்காரங்களும் சேத்து 1990ல 35 லட்சம் வாக்குல இருந்த காகிதம் இல்லாதவங்க 2007ல 1 கோடியே 22 லட்சம் ஆயிட்டாங்க. டக்ளஸ் மேஸிங்கற சமூகவியல் பேராசிரியர் மெக்சிகோ கிராமங்கள்ல பல வருசம் ஊடு ஊடா விவரம் எடுத்துச் சொன்னது இதுதான், வேலி வர்றவன நிறுத்துனத விட போறவனத்தான் அதிகமா நிறுத்துச்சுன்னு.

இத நான் வெறும் படிச்சு சொல்லலைங்க. எங்க அக்கா பையன் டெக்சாஸ்ல இருக்கான், கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு அங்க மாஸ்டர்ஸ் படிச்சு எச் ஒன் பி விசாவுல வேலை பாக்கறான். அந்த விசா வருசத்துக்கு 65 ஆயிரம் பேருக்கு, அங்கயே மாஸ்டர்ஸ் படிச்சவங்கள்ல கூட ஒரு 20 ஆயிரம் பேருக்கு, குலுக்கல்ல வரும். அங்க நிரந்தரமாத் தங்கறதுக்கான கிரீன் கார்டு வேலை அடிப்படையில வருசத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் பேருக்குத்தான், அதுல எந்த நாட்டுக்காரனும் 7 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாது, இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவு. பத்து வருசத்துக்கு முன்னாடி பதிஞ்சவங்களுக்கே இப்பத்தான் முறை வருது.

எங்க மச்சான், அதான் அவன் அப்பா, திடீர்னு தவறிட்டார். பையனுக்கு பாஸ்போர்ட்ல இருந்த விசா முடிஞ்சு போயிருந்துச்சு. அங்க இருந்து வேலை செய்யறதுக்குத் தடை இல்ல, ஆனா வெளிய வந்துட்டா இங்க புதுசா விசா ஸ்டாம்பிங் வாங்காம திரும்ப முடியாது, அதுக்கு அப்பாயின்மெண்ட் எப்பக் கெடைக்கும்னு யாருக்கும் தெரியல, வேலை போயிருச்சுன்னா ஊட்டுக்கடன், அங்க பள்ளிக்கூடம் போற புள்ளைங்க. போன்ல மாமா நான் என்ன பண்ணட்டும்னு திரும்பத் திரும்பக் கேட்டான். நான் என்னத்தச் சொல்றது. எங்க அக்கா போன வாங்கி, நீ வர வேண்டாம் கண்ணு, புள்ளைங்களப் பாருன்னு சொல்லுச்சு. பங்காளி பையன்தான் கொள்ளி வெச்சான். வரணும்னு துடிச்ச மகன வரவிடாம வெச்சது அந்த நாட்டுச் சட்டம், அந்தச் சட்டத்தால அந்த நாட்டுக்கு ஒரு பைசா லாபம் இல்ல. 2025 செப்டம்பர்ல புது எச் ஒன் பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு உத்தரவு வந்த அன்னைக்கு லீவுல ஊருக்கு வந்திருந்த எத்தனை பசங்க பொட்டியக் கட்டிட்டு ராத்திரியோட ராத்திரியா ஏர்போர்ட்டுக்கு ஓடுனாங்க. அப்படி ஓடவெச்சா அடுத்த தடவை ஊருக்கு வர்றதுக்கே பயப்படுவான்.

கல்ப்ல வேற மாதிரின்னு சொல்லுவீங்க. ஆமா, அங்க எத்தன வருசம் இருந்தாலும் குடியுரிமை கெடையாது, வேலை முடிஞ்சா ஊருக்குத்தான். ஆனா அங்க பல நாட்டுல கபாலாங்கற முறை, ஸ்பான்சர் கையிலதான் ஆளோட தலையெழுத்து, பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வெச்சுக்கறது சட்டப்படி தப்புன்னாலும் நடக்குது. கத்தார் 2020லதான் பழைய முதலாளி சம்மதம் இல்லாமயே வேற வேலைக்கு மாறலாம்னு சட்டத்த மாத்துச்சு. போக வர சுதந்திரம்னு நான் சொல்றது இது இல்ல.

நம்ம நாடு என்ன பண்ணுதுன்னும் பேசணும். பவானிசாகர்ல இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு, இப்ப மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தியிருக்காங்க. எங்க யூனிட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்த அண்ணன் அந்த முகாம்லதான் பொறந்து வளந்தவர், இலங்கையப் பாத்ததே இல்ல. ஆள் கணக்கெடுக்கற அன்னைக்கு முகாம்ல இருந்தே ஆகணும்னு பாதிச் செவுத்துல பிரஷ்ஷ தண்ணில போட்டு வெச்சுட்டுக் கெளம்புனார். குடியுரிமைச் சட்டப்படி அவர ரொம்ப காலமா சட்டவிரோதமாக் குடியேறுனவராத்தான் வெச்சிருந்தாங்க. 1987 ஜூலைக்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா பொறப்பாலயே குடிமகன், அப்புறம் பொறந்தா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2004 டிசம்பருக்கு அப்புறம் இன்னும் இறுக்கம். 2019ல கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாடுதான், இலங்கை இல்ல. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வெளிநாடு போற வயசுப் பசங்கள அந்த முகாம்லயும் பெத்து வளத்து வெச்சிருக்காங்க, அவங்களுக்கு பாஸ்போர்ட்டே இல்ல. அமெரிக்காவுல நம்ம பசங்களுக்கு வரிசை நீளம்னு வருத்தப்படற நாம இவங்களுக்கு வரிசையே இல்லைங்கறதையும் சேத்துப் பேசணும்.

சரி, எந்த நாடுமே எல்லையத் தொறந்து போட்டுட்டு உக்காரணும்னு நான் சொல்லல. நியூசிலாந்து 2007ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, டோங்கா, வனுவாட்டு மாதிரி தீவுகள்ல இருந்து ஆப்பிள், திராட்சைத் தோட்டத்து வேலைக்கு சீசனுக்கு வரலாம், ஒழுங்காப் போனா அடுத்த வருசமும் கூப்பிடுவாங்க. ஓடி ஒளிஞ்சவங்க ரொம்பக் கம்மி, ஏன்னா அடுத்த வருசம் உண்டுன்னு தெரியும். அந்தத் தீவுக் குடும்பங்களோட வருமானம் 30 சதவீதத்துக்கு மேல கூடுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. ஒரே முதலாளிகிட்ட கட்டிப்போட்டிருக்கறது அதுல எனக்குப் புடிக்காத விசயம். ஆனா திரும்ப வரலாம்ங்கற உறுதியக் குடுத்தா ஆளு தானாப் போறான்ங்கறதுக்கு அதவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அதனால திருப்பூர்ல கூட்டம் கூடிப்போச்சுன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். ஆலப்புழாவுல இருந்து வடக்க தன்பாத் போற எக்ஸ்பிரஸ் தீபாவளி சமயத்துல திருப்பூர் வர்றப்ப போய்ப் பாருங்க, பொதுப்பெட்டி படியில தொங்கிட்டு, கக்கூஸ் வாசல்ல உக்காந்துட்டு ராத்திரி பகலாப் போகணும். போன வருசம் எங்க யூனிட்ல மூணு பேர் ஏறவே முடியாம திரும்பி வந்து பண்டிகைய லைன் வீட்லயே கழிச்சாங்க. கட்டுப்பாடு வேணும்னு மனு எழுதறதுக்குப் பதிலா ஒடிசாவுக்கும் பீகாருக்கும் பண்டிகை நேரத்துல நெறைய பொதுப்பெட்டி வெச்சு ஸ்பெஷல் ரயில் விடுங்கன்னு எம்பிகிட்ட மனு குடுப்போம், நம்ம அசோசியேஷன்காரங்க யாராவது இதப் படிச்சா சொல்லுங்க, நான் மொத கையெழுத்து போடறேன்.