மொரீஷியஸிலிருந்து ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் எம்.எஸ்சி.

ரெதுயியில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோதே, மேற்படிப்புக்கு இந்தியா போவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம், எங்கள் தீவின் வடகிழக்கில் பிரா தோவில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. எங்கள் பல்கலைக்கழகமும், பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும், இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. கிழக்கு மேற்காக 2048 மீட்டருக்கு 1024 சுருள் ஆன்டெனாக்கள். தெற்கே நீளும் 880 மீட்டர் கிளையில் ஆன்டெனாக்களைத் தண்டவாளத்து வண்டிகளில் ஏற்றி, இடம் மாற்றி மாற்றித்தான் தென்வானத்தைப் பதிவு செய்தார்கள். இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே மைதானத்தில் நின்று செய்த வேலை அது. அந்தத் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

உதவித்தொகை தருவது ஐ.சி.சி.ஆர்., அதாவது இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில். 1950-இல் மௌலானா ஆசாத் தொடங்கிய அமைப்பு. விண்ணப்பம் முழுக்க அவர்களுடைய இணையதளத்தில்தான். எம்.எஸ்சி.க்கு வயது 18 முதல் 30 வரை. எம்.பி.பி.எஸ். படிக்க இதில் இடமில்லை. ஐந்து பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் 500 சொல் கட்டுரை ஒன்றும் எழுத வேண்டும். பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் ஒரு வாரயிறுதியில் ஏற்றிவிடக்கூடியவைதான்.

உண்மையான வேலை பாடத்திட்டத்தில் இருக்கிறது. உதவித்தொகை கொடுப்பது ஒருவர், சேர்த்துக்கொள்வது இன்னொருவர். பல்கலைக்கழகம் சம்மதித்தால்தான் மற்றதெல்லாம் நகரும். அங்கே நம் கோப்பைப் பார்ப்பவருக்கு நம் மாட்யூல் (தனித்தனிப் பாடப்பகுதி), கிரெடிட் கணக்கு பழக்கமில்லை. நான் முதலில் கேட்ட பல்கலைக்கழகம் காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்துவிட்டது. இரண்டாவது இடத்திலிருந்து கேள்வி வந்தது: குவாண்டம் இயக்கவியல் எத்தனை மணி நேரம் நடத்தினார்கள், ஆய்வகம் தனியாக உண்டா, எந்தப் பாடநூல்? மதிப்பெண் பட்டியலில் இது எதுவுமே இருக்காது. துறை அலுவலகத்தில் மூன்று வருடத்து மாட்யூல் தாள்களையும் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வைத்து வாங்கினேன். என் விரிவுரையாளர், ஒரு கிரெடிட் என்றால் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேர ஆய்வகம் என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் போன பிறகுதான் சேர்க்கை உறுதியானது. இதைக் கேட்ட பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அக்கறையோடு படித்தவர்கள்தான் கேட்பார்கள்.

ஐ.சி.சி.ஆர். இணையதளத்தில் உதவித்தொகைக்கான அழைப்பு வந்ததும் கெடுவுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். தினமும் உள்ளே போய்ப் பாருங்கள், மின்னஞ்சலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அப்புறம் போர்ட் லூயிஸில் இந்தியத் தூதரகம் மூலம் மாணவர் விசா. அது சிக்கலில்லாமல் முடிந்தது.

சென்னையில் இறங்கியதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆன்லைனில்தான், ஆனால் போனஃபைடு சர்டிபிகேட் (அங்கே படிக்கிறோம் என்று பல்கலைக்கழகம் தரும் சான்று) கேட்பார்கள், தங்குமிடத்துக்கும் சான்று கேட்பார்கள். விடுதி அறை கிடைத்த அன்றே வார்டனிடம் சொல்லி வைத்துவிட்டேன். சேர்ந்ததற்கான அறிக்கை போய், வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் மாதத் தொகை வரும். அதுவரை சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் வீட்டிலிருந்து பணம் கொண்டுவர வேண்டியிருக்கும். இதை அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ரெதுயியில் இப்போது கடைசி வருடம் படிக்கும் தம்பி தங்கைகளே, ஆப்பிரிக்காவில் எஸ்.கே.ஏ. (ஸ்கொயர் கிலோமீட்டர் அரே) என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்குத் துணை நிற்கும் எட்டு நாடுகளில் நம்முடையதும் ஒன்று. அதில் வேலை செய்ய நம் பிள்ளைகள் வேண்டும். மாட்யூல் தாள்களை இப்போதே துறையில் கேட்டு வாங்கிவிடுங்கள். விடுமுறை தொடங்கிவிட்டால் முத்திரை போட அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம்.