கவர்ன்மெண்ட் ஹவுஸ் பிள்ளைகள்

பினாங்கில் நாம் படித்த லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் பள்ளியைப் பற்றிச் சங்க மலரில் எழுத உட்கார்ந்தால், நம்மில் பாதிப் பேர் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டில்தான் தொடங்குவோம். வளாகத்திலுள்ள கவர்ன்மெண்ட் ஹவுஸ் அவர் காலத்து வீடு, கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னர்கள் புழங்கியது, பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் உத்தியோகம் பார்த்தது. எல்லாம் சரி. எனக்கு அந்த வீடென்றால் நினைவுக்கு வருபவர்கள் வேறு.

1852ல் பிரான்சிலிருந்து மதர் மத்தில்தும் மற்ற சிஸ்டர்களும் பினாங்கில் வந்து இறங்கினார்கள். பள்ளியோடு சேர்த்தே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் தொடங்கினார்கள். 1859ல் சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து இந்த வளாகத்துக்கு மாறினார்கள். கவர்னர் இருந்த இடம் அனாதைப் பிள்ளைகளுக்கு வந்தது அப்படித்தான்.

என் அப்பா கிட்டங்கித் தெருவில் செட்டியாரிடம் கணக்கெழுதியவர். ஐம்பதுகளில் நான் கான்வென்ட்டில் படித்தபோது, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவேன். என் பக்கத்து மேசைக்காரிக்கு முற்றத்தைத் தாண்டினால் இருக்கும் இல்லம்தான் வீடு. மாலையில் அவளும் மற்றவர்களும் தையல் அறையில் இருப்பார்கள். மேசை விரிப்பு, குழந்தைச் சட்டை, கைக்குட்டை எல்லாவற்றிலும் பூவேலை. விற்ற காசு இல்லத்துச் செலவுக்குப் போகும். அவள் தைத்ததைத் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சு தெரியாது. என்னுடையதைச் சிஸ்டர் திருப்பிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

தமிழ்ப் பெண்தான். அப்பா பெயர், ஊர் என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். தீபாவளிக்கு நான் பலகாரம் கொண்டுபோனால், முறுக்கை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். இல்லத்துச் சின்னப் பிள்ளைகளுக்காம். மறு வருஷத்திலிருந்து அம்மா தனி டப்பாவே கட்டிக் கொடுத்தார்.

போர்க்காலக் கதையும் அவள் சொல்லித்தான் தெரியும். ஜப்பானியர் கையில் கான்வென்ட் இருந்தபோது, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரனேடியரிலிருந்து 1943ல் பிடிபட்ட மாலுமிகளை அங்கே அடைத்து வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்கள் அழியாமல் இருந்தன. இரவில் அங்கே பூட்ஸ் சத்தம் கேட்குமென்று சொல்லி எங்களைக் கதிகலங்க வைப்பாள்.

சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளித் தேர்வை முடித்து நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். கலியாணம் கான்வென்ட் சேப்பலில் நடந்தது. பெண் வீட்டார் என்று நின்றது ரெவரெண்ட் மதரும் சிஸ்டர்களும்தான். அம்மா பட்டுச் சேலை கட்டி, தாய்மாமன் சீர் மாதிரி பூ, பழம், மஞ்சள், குங்குமத்தோடு தட்டு ஏந்திப் போனார். அதை எங்கே வைப்பதென்று சிஸ்டர்கள் விழிக்க, மதர் வாங்கிப் பீடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

அந்தத் தையல் அறை விரிப்பு ஒன்று மெல்பர்னில் என்னிடம் இருக்கிறது. உங்களில் யாரிடமாவது இருந்தால் சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு எடுத்து வாருங்கள். மேசையில் போடத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அல்ல.