நைட் ஹால்ட்

போன செமஸ்டரில் பொதுக்கொள்கைப் பாடத்துக்குத் தேர்வு கிடையாது. நான்கு பேர் சேர்ந்து, கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஏற்றத்தாழ்வை எடுத்துக்கொண்டு, அதைக் குறைக்க அரசு என்ன செய்யலாம் என்று நான்கு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். நாங்கள் எடுத்தது மகளிர் இலவசப் பேருந்து. தகவல் திரட்டுவது சுலபம் என்பதுதான் உண்மையான காரணம். 2021 மே 8 முதல் ஓடுகிற திட்டம். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. அதை வைத்தே இரண்டு பக்கம் ஓட்டிவிட்டோம்.

சார் அந்த 888-ஐச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "யாருக்கு மிச்சமாகவில்லை?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அப்படித்தான் மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற அந்த ஊருக்குப் போனோம். அங்கே சில பெண்கள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிவந்து, கட்டி, முழம் போட்டு விற்கிறார்கள். விடியுமுன் மார்க்கெட்டில் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நல்ல மொட்டெல்லாம் போய்விடும். ஊருக்கு முதல் டவுன் பஸ் ஆறரைக்கு. அதனால் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு ஆட்டோவில் மெயின் ரோடு வரை வந்து, அங்கிருந்து மொஃபசல் பஸ் பிடிக்கிறார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான் இலவசம் என்பதால் அதிலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். திரும்பும்போது மட்டும் சும்மா வரலாம்.

எங்களிடம் அப்போது ஒரு தீர்வு தயாராக இருந்தது: பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப். (எங்கள் வகுப்பில் ஏழு குழுக்களில் ஐந்து ஆப்தான் எழுதின.) பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வராத பஸ்ஸ எதுல பாப்ப, பாப்பா?"

மினி பஸ் விடச் சொல்லலாமே என்றான் குழுவில் ஒருவன். 2025 ஜூனில்தான் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருந்தது. ஆனால் அவை தனியார் வண்டிகள், அவற்றில் இலவசம் கிடையாது. சரி, அதுவும் போயிற்று.

வழி சொன்னவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர். கொரோனாவுக்கு முன்பு இந்த ஊருக்கு நைட் ஹால்ட் வண்டி இருந்ததாம். கடைசி டிரிப் வந்த பஸ் ஊரிலேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலேயே படுத்துவிட்டு நாலேகாலுக்கு வண்டியை எடுப்பார்கள். 2020-இல் நின்றது, திரும்ப வரவில்லை. "படுக்க இடமில்ல, கக்கூஸ் இல்ல. ஒரு தடவ படியில பாம்பு கிடந்துச்சு. எவன் வருவான்?"

இப்போது அந்த பஸ் இரவு காலியாக டிப்போவுக்குப் போய், காலையில் கிட்டத்தட்ட காலியாகவே ஊருக்கு வருகிறது. ஹால்ட் போட்டால் அந்த இரண்டு நடை டீசலும் மிச்சம், புது பஸ்ஸும் வேண்டாம். வேண்டியது ஒரு அறை, மின்விசிறி, கழிப்பறை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே ஊராட்சிக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது.

இதை எழுதி உரிய அலுவலகத்துக்கும் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் நியாயமாகவே கேட்டார்: டீசல் போடுவது, வண்டி கழுவுவது, கலெக்‌ஷன் கட்டுவது எல்லாம் இரவில் டிப்போவில்தானே நடக்கிறது? எங்களிடம் பதில் இல்லை. மறுபடி டீக்கடைக்கே போனோம். பகல் இடைவேளையில் டிப்போவுக்கு விட்டு எடுப்பார்கள், பணத்தை மறுநாள் கட்டுவார்கள் என்றார் கண்டக்டர். நாலு பக்கம் ஆறு பக்கமானது. மதிப்பெண் வந்தது. மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

போன மாதம் போனபோது கட்டடத்தைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், குழாய்கள், உடைந்த நாற்காலிகள். இதையெல்லாம் எங்கே வைப்பது என்று பேச்சு வந்து, அங்கேயே நின்றது. கூட்டத்தின் பின்னாலிருந்து அந்த அக்கா சொன்னார்: "மூட்டைதான? எந்திண்ணைல போடுங்க. மொத பஸ்ஸ விடச் சொல்லுங்க."