கடவுளை மறுப்பதும் கடவுள் இல்லாமல் கும்பிடுவதும்

சமணர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கறுப்புச் சட்டைத் தோழர்கள், "அவங்க அந்தக் காலத்து நாத்திகருங்க, நம்ம ஆளுங்க" என்பார்கள். சொந்தக்காரர்களோ, "கோயில் கட்டி அபிஷேகம் பண்றாங்க இல்ல? அப்ப சாமி இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்பார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. நான் நாத்திகர் வீட்டில் பிறந்து நாத்திகராகவே இருக்கிறவள். பல வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சருக்கு. அவர் போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

என் அப்பா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலமானார் என்று கேட்டதும் தறியை அப்படியே விட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினார். அப்பா 'கடவுள் இல்லை' என்று சொன்னது வானத்தைப் பார்த்துச் சொன்னதல்ல, எதிரில் நின்ற ஆளைப் பார்த்துச் சொன்னது. கருவறைக்குள் யார் போகலாம், தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், யார் கையில் திருநீறு போடுவார்கள், யாருக்குத் தூக்கி எறிவார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். உண்டு என்கிறவன் ஊரை ஆளும்போது, இல்லை என்று உரக்கச் சொல்லியே ஆக வேண்டும். அதுதான் நாத்திகம்.

டீச்சர் என்னைத் திருமலைக்கு அழைத்துப் போனார். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பதித் திருமலை வேறு. 1989 வரை இதெல்லாம் வட ஆற்காடு மாவட்டம்தான். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் அங்கே ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில் உண்டு. மலைமேல் 16 அடி உயர நேமிநாதர் சிலை, பாறையிலேயே செதுக்கியது. பிறவியைக் கடந்து மற்றவர்களுக்கும் வழிகாட்டியவர்களைச் சமணர்கள் தீர்த்தங்கரர் என்பார்கள், அவர்களில் ஒருவர் இவர். சிகாமணிநாதர் என்பது ஊர் வழங்கும் பெயர். உடம்பில் துணியோ நகையோ ஆயுதமோ எதுவும் இல்லை. கை இரண்டும் பக்கவாட்டில் தொங்குகின்றன. வா என்றும் சொல்லவில்லை, அஞ்சாதே என்றும் சொல்லவில்லை. டீச்சர் விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"இன்னா டீச்சர் வேண்டிக்கினீங்க?" என்றேன்.

"வேண்டறதுக்கு இன்னா இருக்குது? அவரு குடுக்கவும் மாட்டாரு, எடுக்கவும் மாட்டாரு. கரையேறிப் போயிட்டவரு. அந்த மாதிரி ஆவணும்னு கும்பிடறேன், அவ்ளோதான்."

சமணத்தில் உலகத்தைப் படைத்தவர் கிடையாது. உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வினை தானாகவே ஒட்டும், தானாகவே பலன் தரும். நடுவில் கணக்கெழுத ஒருவர் தேவையில்லை. 9ஆம் நூற்றாண்டில் ஆதிபுராணம் எழுதிய ஜினசேனர் கேட்ட கேள்விகளை அப்படியே கழக மேடையில் கேட்கலாம். படைப்பதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார்? குறையில்லாதவர் என்றால் படைக்கும் ஆசை அவருக்கு ஏன் வந்தது? அப்பா இதைக் கேட்டிருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார்.

ஆனால் அதே ஜினசேனர் மறுபிறவி உண்டு, நரகம் உண்டு, முக்தி உண்டு என்கிறார். தேவர்களும் உண்டு. தீர்த்தங்கரர் பிறந்தால் இந்திரனே வந்து மேருமலையில் அபிஷேகம் செய்கிறான். அந்த இந்திரனும் நம்மைப் போல் பிறந்து சாகிற உயிர்தான், முக்தி வேண்டுமென்றால் அவனும் மனிதனாகப் பிறந்தே ஆக வேண்டும். திருமலையிலேயே நேமிநாதருடைய இயக்கி, அதாவது காவல் தெய்வம், தர்மதேவி இருக்கிறாள். பிள்ளை வேண்டும், பரீட்சையில் பாஸாக வேண்டும் என்கிற சமாசாரமெல்லாம் அவளிடம்தான். ஆக, சாமி இல்லாத இடமல்ல அது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முதலாளி இல்லாத இடம். கடவுள் உண்டா என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது, ஆனால் அந்தப் பதிலை வைத்து யாரும் வாழ்வதில்லை. டீச்சர் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேராது. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார், வடிகட்டிய பிறகு அந்தத் துணியை உதறுவதில்லை, நீரில் அலசுவார், அதில் தங்கிய சின்ன உயிர் சாகக்கூடாதென்று. எந்தக் கடவுளுக்கும் பயந்து இதைச் செய்யவில்லை.

கடவுள் தேவையில்லை என்றாலே பகுத்தறிவு என்று நினைப்பவர்கள் மீமாம்சகர்கள் என்கிற பழைய வைதிகத் தத்துவக்காரர்களைப் பார்க்க வேண்டும். வேதமும் யாகமும்தான் அவர்களுக்கு எல்லாம். ஆனால் படைத்த கடவுள் என்று ஒருவர் இருப்பதை அவர்களில் பெரிய ஆசிரியரான குமாரில பட்டர் வாதாடி மறுக்கிறார். யாகம் தன் பலனைத் தானே தரும், கடவுள் எதற்கு? இவரைத் தோழர் என்று அழைக்க முடியுமா? சாங்கியம் என்கிற இன்னொரு பழைய தத்துவமும் ஈசுவரன் இல்லாமலே உலகத்தை விளக்கியது. மணிமேகலையிலும் கடவுளை ஏற்காத பல தரப்புகள் வந்து பேசுகின்றன. கண்ணால் கண்டதே மெய், அடுத்த பிறவி இல்லை என்கிறவன் அதில் பூதவாதி. மணிமேகலை அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள். அவளும் படைத்த கடவுளை நம்புகிறவள் அல்ல, பௌத்த வழிக்குப் போகிறவள். என் அப்பா அங்கே இருந்திருந்தால் பூதவாதி பக்கம்தான் நின்றிருப்பார்.

ஏனென்றால் அப்பாவுக்கு உண்மையான பகை கடவுள்கூட இல்லை, வினைதான். எங்கள் தெருவில் போலியோ வந்து கால் சூம்பிப்போன ஒரு பையன் இருந்தான். "போன ஜென்மத்துல இன்னா செஞ்சானோ" என்று ஒருத்தி சொன்னதற்கு அப்பா கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. கடவுளையாவது திட்டலாம், கேள்வி கேட்கலாம். வினையை யாரிடம் போய்க் கேட்பது? கீழ்ச்சாதியில் பிறந்ததும் உன் வினை, பட்டினியும் உன் வினை என்றால், மேலே இருப்பவன் வசதியாக ஒதுங்கிக்கொள்கிறான். பெரியார் கடவுளோடு ஆத்மா, மோட்சம், நரகம், மறுபிறப்பு எல்லாவற்றையும் சேர்த்தே மறுத்தது இதனால்தான். சமணரோடு நாத்திகருக்கு உள்ள சண்டை கடவுளைப் பற்றியதே அல்ல, இதைப் பற்றியது. இதை மூடிவிட்டு 'நம்ம ஆளுங்க' என்று அணைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை.

இதை டீச்சரிடம் நேராகவே கேட்டேன். "வினைன்றது அடுத்தவங்களப் பாத்து சொல்றதுக்கு இல்ல டீச்சர், நான் என்னைப் பாத்து சொல்லிக்கிறது" என்றார். அவர் அப்படித்தான் வாழ்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊர் அதை அடுத்தவனைப் பார்த்துத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்தப் பையனிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் மறுபடியும் கேட்பேன் என்று அவருக்கும் தெரியும்.